மலைமுடிக் காடும் நம் கடனும்

மலையில்லாத நாட்டில் வாழ்வோர் நாம். கீரிமலை என்னும் பெயரிலே மலையுண்டு, அவ்வூரிலே மலையில்லை. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறும் எமது குடாநாட்டிற்கு வாய்த்திலது. ஆதலின், ஐந்திணை ஒழுக்கத்தைப் படிப்பிக்கப் புகும் தமிழாசிரியர் குறிஞ்சித்திணைக்கு வந்ததும் சிறிது இடர்ப்படுவர். நெய்தலையும் மருதத்தையும் சாளரத்திற்கு வெளியே காட்டிவிடலாம். குறிஞ்சியைக் காட்டக் கரும்பலகையில் ஒரு முக்கோணத்தைக் கீறி, அதன் உச்சியில் ஒரு முகிலை வரைந்து, “இதுவே மலை” என்று சொல்லுவதல்லது வேறு வழியில்லை. யாமும் பல்லாண்டு அவ்வாறே செய்துவந்தோம்.

இக்குறையைத் தீர்க்கும் பொருட்டுச் சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணாக்கர் சிலரை மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துச் சென்றோம். காலை வேளையில் மூடுபனி காட்டினூடே புகுந்து செல்வதையும், பாசி போர்த்த மரங்களினின்றும் நீர் சொட்டுவதையும் கண்டு பிள்ளைகள் வியப்புற்றனர். திரும்பி வந்து சில நாட்கள் கழிந்த பின்னரே ஒரு செய்தி எமக்குத் தெரியவந்தது. ஒரு மாணவன் அங்கிருந்து சிறியதொரு மரக்கன்றை வேரோடு பிடுங்கித் தன் பையினுள் மறைத்துக் கொண்டுவந்து, கல்லூரிக் கிணற்றடியில் நட்டிருந்தான். காப்பிடப்பட்ட வனத்திலிருந்து ஓர் இலையையேனும் எடுத்தல் குற்றமென்பதை அவன் அறியாதவனல்லன். அவனைக் கவனியாது விட்டது எமது பிழை. கன்று ஒரு வாரத்துள் வாடிப் பட்டுப்போயிற்று. அவனைக் கடிந்துகொள்ள யாம் அழைத்தபோது, அவன் கண்கலங்கி, “ஐயா, நாள்தோறும் இருவேளை தண்ணீர் ஊற்றினேனே, ஏன் பட்டது?” என்று வினவினான்.

கடிந்துகொள்ள எண்ணிய எமக்கு விடை தெரியவில்லை. விஞ்ஞான ஆசிரியராகிய எம் நண்பரை அணுகியும், நூல்களைப் புரட்டியும் யாம் கற்றுக்கொண்டவற்றையே இம்மலரில் எழுதத் துணிந்தோம். அச்சிறுவனின் வினா ஒரு கன்றைப் பற்றியது. ஆயின் அதன் விடையோ மலைநாட்டு வனங்கள் யாவற்றையும் பற்றியது.

முகில் தங்கும் காடு

ஹோட்டன் சமவெளி கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீற்றர் முதல் 2,300 மீற்றர் வரை உயர்ந்து கிடக்கும் மேட்டுநிலம். முன்னாளில் மகா எலிய என வழங்கிய இவ்விடம், 1831 முதல் 1837 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டன் என்பாரின் பெயரைப் பின்னர்ப் பெற்றது. கிரிகல்பொத்த, தொட்டுபொல என்னும் மலைமுடிகள் இதன் ஓரங்களில் நிமிர்ந்து நிற்கின்றன. தெற்கே உலக முடிவு எனப்படும் செங்குத்தான பாறைவிளிம்பு உள்ளது. நடுவே புல்வெளியும், அதனைச் சூழ்ந்து காடுமாக நிலம் விரிந்து செல்கின்றது.

இக்காட்டைக் காண்போர் முதலில் ஏமாற்றமடைதல் இயல்பு. காடென்றவுடன் வானளாவிய மரங்களை மனத்திற் கற்பிக்கின்றோம். இங்குள்ள மரங்களோ குட்டையானவை, முறுகி வளைந்தவை, குடை விரித்தாற்போல மேற்பகுதி தட்டையானவை. ஓயாத காற்றும், குளிரும், புளிப்புத் தன்மை மிக்க மண்ணும், மூடுபனியாற் குறைந்த வெயிலும் அவற்றை உயரவிடுவதில்லை. சிங்கள மக்கள் கீன என்றழைக்கும் மரம் இங்கே மிகுதி. எமது ஊர் நாவலுக்கும் கறுவாவுக்கும் உறவான மரங்களும் பல உள. புல்வெளியில் ஆங்காங்கே செந்நிறப் பூங்கொத்துகளைத் தாங்கி நிற்பது ரொடோடென்ரன் என்னும் மரம். சிங்களத்தில் மகரத்மல் என்பர். மரங்களின் கீழே அடர்ந்து நிற்பன குறிஞ்சி இனத்துச் செடிகள். தமிழர் ஒரு திணைக்கே பெயராக்கிய அக்குறிஞ்சியின் உறவினங்கள் முப்பதளவில் நம் இலங்கைத் தீவிலே வளர்கின்றன. சிங்களத்தில் நெலு எனப் பெயர் பெறும் இவற்றுட் சில பல்லாண்டுகளுக்கு ஒருமுறையே ஒருங்கு பூத்து, விதையுதிர்த்து, மடிந்துவிடும்.

ஒரு மரத்தை அணுகி நோக்கினால் அது தனிமரமன்று என்பது புலப்படும். அடி தொடங்கி நுனிவரை பாசியும் பன்னமும் ஓர்கிட் செடிகளும் அதனைப் போர்த்திருக்கின்றன. அடியிலே பல்லாண்டு இலையுதிர்ந்து உக்கிய கரிய மண் மெத்தையெனக் கிடக்கின்றது. அம்மண்ணிலுள்ள நுண்ணிய பங்கசுகள் வேரோடு பின்னிப் பிணைந்து, வேர் தானே எட்டவியலாத சத்துகளை அதற்கு ஊட்டுகின்றன. இக்கூட்டு வாழ்க்கையிலிருந்து கன்றொன்றைப் பிடுங்குவது, கூட்டுக் குடும்பத்திலிருந்து பால்மணம் மாறாக் குழந்தையைப் பிரித்தல் போன்றது. எமது கல்லூரிக் கிணற்று நீரோ சுண்ணக்கல்லின் ஊடாக ஊறிய வன்னீர். புளித்த மண்ணிற்கும் பனித்துளிக்கும் பழகிய வேருக்கு அது உணவாகாது. சிறுவன் தண்ணீர் ஊற்றினான். கன்று வேண்டியதோ முகிலையும் குளிரையும் தன் தாய்மண்ணையும்.

நீர் பிறக்குமிடம்

முகிலை வேண்டுவதோடு இக்காடு நின்றுவிடவில்லை. முகிலை நீராக்கவும் அது வல்லது. இதனைச் சிறிது விரித்துரைப்போம்.

மழைத்துளி கனமானது, தானே விழும். மூடுபனியின் துளியோ மிக நுண்ணியது. விழாது காற்றோடு மிதந்து செல்வது. வெறும் நிலத்தின் மேலே அது கடந்து போய்விடும். காட்டினுள் நுழைந்தாலோ இலை, சுள்ளி, பாசி ஆகிய எண்ணிறந்த பரப்புகளில் அது மோதுகின்றது. மோதிய துளிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகிச் சொட்டுகின்றன. மார்கழி மாதத்து விடியற்காலையிற் பனைமரத்தின் கீழே நின்றோர், மழையின்றியே ஓலையினின்றும் நீர் சொட்டக் கண்டிருப்பர். அதுவே மலைமுடியில் ஆண்டின் பெரும்பகுதியும் நிகழ்கின்றது. மழைமானியில் அகப்படாத இந்நீர் மழையோடு கூடி நிலத்தைச் சேர்கின்றது.

சேர்ந்த நீர் உடனே ஓடிவிடுவதுமில்லை. பாசியும் உக்கல் மண்ணும் நனைந்த சாக்கினைப் போல அதனைத் தம்முள் அடக்கிக்கொள்கின்றன. பின்னர்ச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. மாரியில் வெள்ளம் தணிவதும், கோடையில் ஓடை வற்றாதிருப்பதும் இதனாலேயே. குடாநாட்டுக் கமக்காரருக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. நிலத்தடியிலே உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரை அளவோடு இறைத்துப் பயிர் செய்யும் மரபினர், நீரைச் சேமித்து வைக்கும் நிலத்தின் அருமையை நன்கறிவர்.

ஹோட்டன் சமவெளியைச் சூழ்ந்த இம்மலைப் பகுதியிலிருந்தே மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று பெரும் நதிகளுக்கும் நீரூற்றுகள் செல்கின்றன. அக்ரா ஓயா மகாவலியைச் சேர்கின்றது; பெலிகுல் ஓயா வளவையைச் சேர்கின்றது. நாட்டின் மிக நீண்ட நதியாகிய மகாவலி, மத்திய மலைகளில் தோன்றி, 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையிற் கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கின்றது. மூதூரிலே வயல் விதைப்போன், தன் வாய்க்காலில் வரும் நீரின் ஒரு பங்கு முகில் தங்கிய ஒரு காட்டிற் சொட்டுச் சொட்டாகத் திரண்டதென்பதை அறியான். சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த வனங்களின் நீரோ மஸ்கெலியா ஓயாவாயும் கெசல்கமு ஓயாவாயும் பெருகி, 1950 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய லக்சபான நீர்மின் நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிப் பின் களனியாகின்றது. ஆறில்லாத நம்மூரிலே விளக்கெரியும்போதும் அம்மலைக் காட்டிற்கு நாம் கடன்பட்டவராகின்றோம். நம்மிடம் மலையில்லை, ஆதலின் நமக்கென்ன என்று எவரும் சொல்லவியலாது.

வேறெங்கும் இல்லாதவை

மேற்குத் தொடர்ச்சி மலைகளும் இலங்கையும் சேர்ந்த நிலப்பகுதி, உலகில் உயிரினச் செல்வம் மிக்கனவும் அழிவை எதிர்நோக்குவனவுமாகிய இடங்களுள் ஒன்றென அறிஞர் கணித்துள்ளனர். இச்செல்வத்தின் உச்சம் மலைமுடிகளில் உள்ளது. காரணம் எளிது. உயர்ந்த மலையொன்று தாழ்நிலத்தின் வெப்பத்தாற் சூழப்பட்ட தீவு போன்றது. குளிருக்குப் பழகிய சிற்றுயிர் ஒன்று, அடிவாரத்தைக் கடந்து மற்றொரு மலைக்குச் செல்லாது. நெடுங்காலம் தனித்து வாழ்ந்து, அது வேறோரினமாகவே மாறிவிடுகின்றது.

மூக்கின் மேல் கொம்பு போன்ற உறுப்பினையுடைய ஓணான் வகையொன்று ஹோட்டன் சமவெளி, நுவரெலியா முதலிய உயர்நிலங்களில் உண்டு. அதன் உறவாகிய, இலை போன்ற மூக்கினையுடைய ஓணானோ நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டுமே வாழ்வது. நக்கிள்ஸ் மலையிலிருந்து 2006 ஆம் ஆண்டிலுங்கூடப் புதிய ஓணான் இனமொன்றை விஞ்ஞானிகள் விபரித்தனர். மலைநாட்டுத் தேவாங்கின் கதை இன்னும் வியக்கத்தக்கது. பல்லாண்டு கண்ணிற் படாமையால் முற்றாக அழிந்ததோ என ஐயுறப்பட்ட அப்பிராணியின் நிழற்படங்கள் 2010 ஆம் ஆண்டிலே வெளிவந்தன. அது வாழும் காடோ துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றது.

தவளைகளைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையின் செடித்தவளைகள் குளத்தில் முட்டையிடுவனவல்ல. ஈரமண்ணிலோ இலையிலோ அவை இடும் முட்டைக்குள்ளேயே வாற்பேய்ப் பருவம் கழிந்து, சிறு தவளையே வெளிவருகின்றது. ஆதலின், நிலத்தின் ஈரமே அவற்றிற்குக் குளம். நிழல் நீங்கி மண் காய்ந்தால் அவ்வினத்திற்குத் தொட்டிலில்லை. இவ்வகைத் தவளைகளில் 15 இனங்களுக்கு மேற்பட்டவை உலகினின்றும் மறைந்துவிட்டன எனப் பட்டியலிடப்பட்டுள்ளன. பழைய அரும்பொருட்சாலைப் போத்தல்களிலன்றி வேறெங்கும் இனி அவற்றைக் காண்டல் இயலாது.

கோப்பி கொண்டுபோன காடு

இத்தகைய வனங்கள் ஒருகாலத்தில் மத்திய மலைகள் முழுவதையும் போர்த்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றிய பின்னர்க் கோப்பிப் பயிர்ச்செய்கை மலைச்சரிவுகளில் ஏறியது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நாட்டப்படாத நிலத்தை முடிக்குரியதாக்கியது. ஏக்கரொன்று 5 சிலிங் விலைக்கே காடு விற்கப்பட்டது. வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர். மரங்களை வெட்டி வீழ்த்தித் தீயிட்டனர். 1870 ஆம் ஆண்டுகளில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேலாகக் கோப்பி பரவியிருந்தது.

வெட்டிய கைகள் கூலிக்கு உழைத்த ஏழைகளின் கைகள். ஆதாயம் பெற்ற கைகள் வேறு. தமிழகத்தினின்றும் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்து, வழியிலே பசியாலும் நோயாலும் மாய்ந்தோர் போக எஞ்சியவரே அத்தோட்டங்களை உருவாக்கினர். அவர்தம் வழித்தோன்றல்கள் அவ்வரலாற்றின் இருநூறாண்டு நிறைவை 2023 ஆம் ஆண்டில் நினைவுகூர்ந்தனர்.

1869 ஆம் ஆண்டிலே கோப்பி இலையிற் செம்மஞ்சட் புள்ளிகளாய்த் தோன்றிய பங்கசு நோய், ஏறத்தாழ இருபதாண்டுக்குள் அப்பெருந் தொழிலைச் சாய்த்தது. ஒரே பயிரை மலை முழுதும் நட்டால், ஒரே நோய் மலை முழுதையும் தின்னும் என்னும் பாடத்தை அது கற்பித்தது. ஆயினும் காடு மீளவில்லை. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே ஏறியது.

அக்காலத்திற்றானே ஒரு நல்ல குரலும் ஒலித்தது. இலண்டன் கியூ தாவரப் பூங்காவின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலறிஞர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டாது விடல் வேண்டுமென 1873 இல் அறிவுரை கூறினார். அதனையேற்று அரசாங்கம் உயர்நிலத்துக் காடழிப்புக்குத் தடையிட்டது. இன்று ஹோட்டன் சமவெளியைச் சூழ நாம் காணும் காடு எஞ்சி நிற்பதற்கு அவ்வறிவுரை ஒரு முதற்காரணம். அறிவுடைய ஒருவர் உரிய காலத்திற் சொன்ன ஒரு சொல்லும், அதனைக் கேட்க ஓர் ஆட்சியும் இருந்தமையால் விளைந்த நன்மை இது. சிவனொளிபாதமலை வனம் 1940 இல் சரணாலயமாயிற்று. ஹோட்டன் சமவெளி 1969 இல் சரணாலயமாகவும், 1988 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. இயற்கை வனங்களில் மரந்தறித்தல் 1990 இல் நிறுத்தப்பட்டது. நக்கிள்ஸ் 2000 ஆம் ஆண்டிற் பாதுகாப்பு வனமாயிற்று. இம்மூன்று வனங்களும் சேர்ந்து ‘இலங்கையின் மத்திய மலைநாடு’ என்னும் பெயரில் 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

காப்பிட்ட பின்னும் நோய்

வேலியிட்டுப் பெயர்ப்பலகை நாட்டினால் காடு காக்கப்பட்டதாகி விடுமா? ஆகாது என்பதற்கு ஹோட்டன் சமவெளியே சான்று.

1970 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி தொடக்கம் அங்கே மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போகக் காணப்பட்டன. கீன மரங்களே மிகுதியும் பட்டன. கோடரி படாத காட்டிலே வெண்ணிற எலும்புகள் போலப் பட்டமரங்கள் நிற்றல் காண்போர் நெஞ்சை வருத்தும். கடும் வறட்சி, மண்ணிலும் காற்றிலும் கலந்த நச்சு உலோகங்கள், பங்கசு நோய் எனப் பல காரணங்களை ஆய்வாளர் ஆராய்ந்துள்ளனர். ஒன்றே காரணம் என்று அறுதியிடப்படவில்லை. மரம் வீழ்ந்த வெளியில் முளைக்கும் இளங்கன்றுகளை மரைகள் மேய்ந்துவிடுகின்றன. சிறுத்தை ஒன்றைத் தவிர மரைக்கு அங்கே பகையில்லை. மேய்ச்சற் புல்லும் மிகுதி. 1960 ஆம் ஆண்டுகளில் அச்சமவெளியின் ஒரு பகுதி உழப்பட்டு, விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. பயிர்ச்செய்கை கைவிடப்பட்டு அரைநூற்றாண்டு ஆகியும் அவ்விடத்திற் காடு எழவில்லை.

வேற்றுநாட்டுச் செடிகளும் ஒரு தொல்லை. தம் தாய்நாட்டை நினைந்த ஆங்கிலேயர் கொண்டுவந்த கோர்ஸ் என்னும் முட்புதர், மஞ்சட் பூவோடு பார்வைக்கு இனிதாய்த் தோன்றும். அதன் விதை நெடுங்காலம் மண்ணினுட் கிடந்து முளைக்கவல்லது. இன்று தொண்டர்களும் உத்தியோகத்தரும் அதனைப் பிடுங்கிப் பிடுங்கிக் களைத்துப் போகின்றனர். நக்கிள்ஸ் மலையிலோ ஏலப்பயிருக்காகக் காட்டின் கீழ்த்தளம் நெடுங்காலம் துப்புரவாக்கப்பட்டது. மேலே மரம் நின்றமையால் காடு நின்றது போலத் தோன்றிற்று. பெருமரத்திற்குப் பின் அதன் இடத்தை நிரப்பக் கன்றில்லையாயின், அது பிள்ளையில்லா வீடேயாம்.

இவையெல்லாவற்றினும் பெரிய அச்சம் உலகெங்கும் ஏறிவரும் வெப்பத்தால் வருவது. தாழ்நிலம் சூடேறினால் உயிர்கள் மேலே ஏறிக் குளிரை நாடலாம். மலைமுடியில் வாழ்வன எங்கே ஏறும்? முகில் தங்கும் மட்டம் மேலே உயர்ந்துவிட்டால், முகிலை நம்பிய காடு வானத்தை நோக்கி நிற்பதன்றி வேறென் செய்யும்?

நடுதலும் காத்தலும்

மாணாக்கர் மரம் நடுகின்றனர். விழாக்களில் விருந்தினர் மரம் நடுகின்றனர். யாமும் நட்டிருக்கின்றோம். நற்செயலே அது. ஆயின் மரம் நடுதலும் காடு காத்தலும் ஒன்றெனக் கருதுதல் ஒரு பெரும் மயக்கம். எமது சுற்றுலாவின்போதே மற்றொரு மாணவன், “இந்தக் கோணல் மரங்களை விட, வழியிலே கண்ட யூக்கலிப்டஸ் நெடிதாய் நேராய் நிற்கின்றதே, இவற்றை நீக்கி அதனை நட்டாலென்ன?” என்று கேட்டான். பெரியோர் பலரும் அவ்வாறே எண்ணிச் செய்தனர். வெறுமையுற்ற மலைச்சரிவுகளில் யூக்கலிப்டசும் பைனசும் நடப்பட்டன. விறகிற்கும் பலகைக்கும் அவை பயன்படும், அதனை மறுப்பாரில்லை. ஆயின் பைனசின் ஊசியிலை மெத்தையின் கீழே பிற செடிகள் எளிதில் முளைப்பதில்லை. கோடையில் அது தீப்பற்றுதலும் எளிது. பாசியில்லை, ஓர்கிட் இல்லை, செடித்தவளைக்குத் தொட்டிலில்லை. அது மரக்கூட்டம், காடன்று.

தமிழகத்து மலைகளின் கதையும் இதுவே. நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவற்றின் உச்சிகளில் பள்ளங்களில் அடர்ந்திருக்கும் குட்டைக் காட்டிற்குச் சோலை என்று பெயர். உலகத்துத் தாவரவியலார் இத்தமிழ்ச் சொல்லையே எடுத்து அவ்வகைக் காட்டிற்குப் பெயராக வழங்குகின்றனர். சொல்லை உலகிற்கு ஈந்த மலைகளிலேயே, வாட்டில் மரமும் யூக்கலிப்டசும் சோலையைச் சூழ்ந்த புல்வெளிகளைப் பெரிதும் விழுங்கிவிட்டன. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அங்கே 2006 இலும் 2018 இலும் பூத்தது; பூக்கும் பரப்போ முன்னாளிற் போலில்லை. கொடைக்கானலிலுள்ள குறிஞ்சியாண்டவர் கோயிலை 1936 இல் அமைப்பித்தவர், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாராகிய இலீலாவதி அம்மையார் என்பதை நம்மவர் பலர் அறியார். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 மலர்களை நிரல்பட வைத்தார். அம்மலர்களின் பெயரை மனனஞ் செய்விக்கும் யாம், அவை மலரும் நிலத்தைக் கைவிட்டால் வெறும் பெயர்ப்பட்டியலையே பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வோம்.

இழந்த காட்டை மீட்கவே முடியாதோ எனின், ஓரளவு முடியும். சிங்கராஜ வனத்தின் எல்லையிலே பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களாகிய நிமால் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் அமெரிக்க அறிஞர் மார்க் அஷ்ரனும், பைனஸ் மரங்களிற் சிலவற்றை நீக்கி ஒளிவழி திறந்து, அவற்றின் நிழலிலேயே சுதேச மரக்கன்றுகளை வளர்த்துக் காட்டினர். அது தாழ்நில மழைக்காடு. அருகிலே தாய்க்காடும் இருந்தது. குளிராலும் காற்றாலும் வளர்ச்சி மெதுவாகும் மலைமுடியில் இப்பணி இன்னும் நெடிது. பல தலைமுறை செல்லும். விதைக்கும் பங்கசுக்கும் பாசிக்கும் அருகிலே பழங்காடு எஞ்சியிருந்தாலன்றி அதுவும் கைகூடாது. ஆதலின் மீட்டற்கும் காத்தலே முதல். எஞ்சியிருக்கும் ஓர் ஏக்கர் பழங்காட்டைக் காப்பது, நூறு ஏக்கரில் நடுவதற்கு ஒருபோதும் குறைந்ததன்று.

நாம் செய்யத்தக்கவை

காட்டைக் காப்போமென்று எழும் ஆர்வம் எளியவரைப் பழிப்பதாய் முடிதலும் உண்டு. தோட்டத்து லயன்களில் வாழும் தாய், அடுப்பெரிக்கச் சுள்ளி பொறுக்கக் காட்டோரம் செல்கின்றாள். அவளுக்கு வேறெரிபொருள் எட்டும் விலையிற் கிடைக்குமாயின் செல்லமாட்டாள். மண் சரியும்போது முதலிற் புதையுண்பதும் அவளது வீடே. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகளின் மேல் மலை சரிந்த துயரை நாம் மறக்கலாகாது. மண்சரிவுக்குக் காரணங்கள் பல; எல்லாம் காடழிவு என்று சொல்லுதல் பொருந்தாது. ஆயினும் வேர்பிடிப்பற்ற சரிவிலே வாழ விடப்பட்டோர் யாரென்பதை எண்ணுதல் வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பான நிலமும் வீடும் கிடைக்கச் செய்தல் காடு காக்கும் பணியின் ஒரு கூறேயாம்.

எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் பொறியியலாளராயும், நிருவாக உத்தியோகத்தராயும், தோட்ட அலுவலராயும் மலைநாட்டிற் கடமையாற்றுகின்றனர். வீதி அமைக்கவும், கட்டடம் எழுப்பவும், நிலம் பிரிக்கவும் கையொப்பமிடும் பேனா அவர்கள் கையில் உண்டு. ஹூக்கர் சொன்ன ஒரு சொல் நூற்றைம்பது ஆண்டு நின்று பயன் தந்தது. அவர்கள் எழுதும் ஒரு குறிப்பும் அவ்வாறு நிற்றல் கூடும். ஓடைக்கரையிலும் செங்குத்தான சரிவிலும் உள்ள காட்டுத்துண்டு சிறிதாயினும் தொடாது விடுக எனவும், துண்டுகளிடையே உயிர்கள் சென்றுவரச் சுதேச மரங்களால் வழியமைத்திடுக எனவும் அவர்களை வேண்டுகின்றோம்.

சிவனொளிபாதமலைக்கு மார்கழி தொடங்கி வைகாசி வரை யாத்திரை செல்வோர், தாம் ஏறுவது ஓர் அரிய வனத்தின் ஊடே என்பதை உணர்தல் நன்று. பொலித்தீன் உறையொன்றை அங்கே வீசிவிட்டு இறைவனைத் தொழுதல் எவ்வகை வழிபாடு? ஹோட்டன் சமவெளி வாயிலிலே காவலர் பொலித்தீனைக் கேட்டு வாங்கும்போது முகஞ்சுளியாது கொடுத்தலும், மரைக்குத் தீன் நீட்டாதிருத்தலும், நடைபாதையினின்றும் விலகாதிருத்தலும் சிறு செயல்கள் எனினும் பெரும்பயன் தருவன.

மாணாக்கரே, உங்களுக்கும் ஒரு சொல். அக்கன்று பட்ட இடத்திலே பின்னர் யாமும் அம்மாணவனும் சேர்ந்து ஒரு வேம்பினை நட்டோம். இந்த மண்ணையும் நீரையும் வெயிலையும் அறிந்த மரமாதலின் அது தழைத்தது. இன்று கிணற்றடிக்கு நிழல் தருகின்றது. எந்த மரத்திற்கும் அதனதன் மண்ணே வீடு. வேம்பினை இங்கே நடுவோம். கீனவை அங்கேயே விட்டுவைப்போம்.

திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்திலே காட்டையும் நாட்டுக்கு அரணாக எண்ணிவைத்தார். கோட்டைச் சுவர் இடிந்தால் மீளக் கட்டலாம். அதற்குக் கல்லும் உண்டு, கொத்தரும் உளர். மலைமுடிக் காடென்னும் அரண் இடிந்தாலோ அதனைக் கட்டவல்ல கொத்தர் எங்குமில்லை. விழாக் கொண்டாடும் இவ்வாண்டிலே, நம் முன்னோர் நமக்களித்த கல்லூரியை நாம் பேணி அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது போல, கட்டாமலே கிடைத்த அவ்வரணையும் பேணிக் கையளிப்போமாக.